கொம்பு கட்டிய மான்

ஆற்றுக்கு இந்தப் பக்கம் மலைக்காடு. அந்தப் பக்கம் கடற்காடு. நடுவில் எல்லைச் சாவடி! சுற்றுலா விசா இல்லாமல் ஓர் எறும்புகூட அக்கரைக்குப் போக முடியாது.

மலைக்காட்டுப் புள்ளிமான் கதிரப்பனுக்குக் குட்டியிலிருந்தே கடல் பார்க்க ஆசை. வருஷத்துக்கு ஒரு தடவைதான் விசா கொடுப்பார்கள். அந்த நாள் வந்தேவிட்டது! தோழி முயல் பவளக்கொடியோடு குதியாட்டம் போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நின்றது மான்.

உடனே ஏஜென்ட் நரி ஓடி வந்தது. "தம்பி, பாஸ்போர்ட்டைக் காட்டு! ஐயையோ! படத்துல ரெண்டு கொம்பு இருக்கு. உன் தலை மொட்டையா இருக்கே!"

"போன வாரம்தான் உதிர்ந்துச்சு, நரியண்ணே. எங்களுக்கு வருஷா வருஷம் உதிரும், அப்புறம் முளைக்கும்."

"அதெல்லாம் யார் கேட்பா? ஆள் மாறாட்டம்னு திருப்பி அனுப்பிடுவாங்க!"

மான் பதறிப்போய்த் தலையை நீட்டியது. நரி இரண்டு காய்ந்த கிளைகளை அதன் தலையில் கொடியால் கட்டியது. கூலியாக, மான் வழிக்கு வைத்திருந்த இலந்தைப்பழ மூட்டையை வாங்கிக்கொண்டது.

சாவடி அதிகாரி ஒரு நாரையம்மா. முதலில் முயலின் முறை.

"படத்துல காது முழுசா இருக்கு. இப்போ கிழிஞ்சிருக்கே?"

"முள்ளுல மாட்டிக்கிச்சும்மா!"

நாரை முயலின் காலடித் தடத்தை பாஸ்போர்ட் தடத்தோடு ஒப்பிட்டது. "சரி, போ!" டக்கென்று முத்திரை விழுந்தது.

முயல் திரும்பி ஓடி வந்து, "கிளையைக் கழட்டிடு கதிரப்பா! உள்ளதைச் சொன்னாலே விடுறாங்க!" என்று கிசுகிசுத்தது.

"போடி! உனக்குக் காதுல கீறல். எனக்குக் கொம்பே இல்லையே!"

மானின் முறை வந்தது.

"எங்கே தங்குவே?"

"தாழம்புதர்ல, சித்தப்பா வீட்டுல!"

"எப்போ திரும்புவே?"

"பௌர்ணமிப் படகுல!"

குளம்புத் தடமும் பொருந்தியது! நாரை முத்திரையைத் தூக்கியது. மானுக்குத் தலைகால் புரியவில்லை. "ரொம்ப நன்றிம்மா!" என்று தலையைத் தாழ்த்திப் பெரிய கும்பிடு போட்டது.

தொப்! ஒரு கிளை மேஜைமேல் விழுந்தது. இன்னொன்று காதோரம் தொங்கியது. வரிசையே சிரித்தது.

"மானுக்குக் கொம்பு உதிரும்னு எனக்குத் தெரியாதா?" என்று சீறியது நாரை. "காலையிலிருந்து எத்தனை மொட்டைத் தலைகளை அனுப்பியிருக்கேன்! நீயும் அப்படியே வந்திருந்தா இந்நேரம் படகுல இருப்பே. கொம்பையே பொய்யா வச்சவன் வேற எதைப் பொய்யா சொன்னானோ! இந்த வருஷம் உனக்கு விசா கிடையாது!"

முயலை ஏற்றிக்கொண்டு முதல் படகு கிளம்பியது. மான் விக்கி விக்கி அழுதது.

அப்போது வரிசைக் கடைசியில் நரி, வாலறுந்த ஓர் அரணைக்கு ஈர்க்குச்சியை வாலாகக் கட்டிக்கொண்டிருந்தது.

"அடேய், அதைப் பிடுங்கிப் போடு! என் கடல் போச்சு, உன்னுதாவது மிஞ்சட்டும்!" என்று கத்திக்கொண்டே ஓடியது மான். நரி பிடித்தது ஓட்டம்!

அரணை வாலில்லாமலே போய், வால் அறுந்துபோனதைச் சொன்னது. டக்! முத்திரை விழுந்தது.

உள்ளதைச் சொன்னால் அதோடு தீர்ந்துபோகிற சின்னக் குறையை, பொய்யால் மறைக்கப் போனால் அதுவே பெரிய குற்றமாகிவிடும்.