கஜானாவில் பூட்டிய டெக்னிக்

காலை ஏழு மணி. வடம் பிடிக்க முந்நூறு பேர் நின்றார்கள். தேரைத் திருப்ப வேண்டிய ஐயம்பெருமாள் ஆசாரி மட்டும் சிறையில் இருந்தார்.

முன்னொரு காலத்தில், சமரபூபதி ராஜா நெடுங்காட்டை ஆண்டபோது நடந்தது இது. விருந்துக்கு வந்துபோன வெள்ளைக்காரத் துரை ஒருவர் கடிதம் எழுதியிருந்தார்: ‘உங்கள் தேர்த் தச்சரிடம் அபாரமான டெக்னிக் இருக்கிறது.’

“என்னிடம் இல்லாத பொருள் ஆசாரியிடமா?” ராஜாவுக்குப் பொறுக்கவில்லை.

தேரன்று ஆசாரிக்குக் கட்டும் பரிவட்டத்தின் மேல் ஆஸ்தான வித்வான் வரதராயருக்கு வெகுநாள் கண். “பிரபு, அது லண்டனில் செய்த கருவி. ஒளித்து வைத்திருக்கிறான்!” என்றார்.

வீட்டைச் சோதித்தார்கள். உளி, இழைப்புளி, தேர்ச்சக்கரத்துக்கு இடும் முட்டுக்கட்டைகள், கடைசியில் உலக்கையும் கஜானாவுக்குப் போயின.

“இதில் எதுடா டெக்னிக்?” என்று ராஜா ஆசாரியைக் கேட்டார்.

“எதுன்னு தெரியாமலே எல்லாத்தையும் எடுத்துட்டீங்களே சாமி!”

இந்தப் பதிலுக்குத்தான் சிறை. தேர் நிலைக்கு வருவதற்குள் உண்மையைச் சொல்லாவிட்டால் நாடு கடத்தல்.

திவான் வைகுந்தம் பிள்ளை மூன்று நாள் சொல்லிப் பார்த்தார். ராஜா கேட்கவில்லை. நான்காம் நாள் அலுத்துப்போய், “சரி மகாராஜா, டெக்னிக்தான் இப்போது கஜானாவில் இருக்கிறதே. கண்டுபிடித்துச் சொன்ன வித்வானே தேரைத் திருப்பட்டும்” என்றார்.

“பேஷ்!” என்றார் ராஜா. வரதராயருக்கு வியர்த்தது.

தேரன்று கஜானாவே தெருவுக்கு வந்தது. முதல் முக்கில் வரதராயர் போட்ட கட்டை தெறித்து ஓடியது. தேர் மிட்டாய்க்கடைக் கூரையை இடித்துக்கொண்டு நின்றது. “எல்லாக் கட்டையையும் போடுமய்யா!” என்று ராஜா கத்தினார். போட்டார். தேர் அசையவே இல்லை.

வெயில் ஏறியபின் ஆசாரியைக் கூட்டிவந்தார்கள். சக்கரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். போட்ட கட்டைகளையெல்லாம் எடுக்கச் சொல்லி, வரதராயர் கையிலிருந்து ஒன்றை வாங்கினார். “இழுங்கப்பா!” சக்கரம் உருண்டு வரும்போது ஒரு பக்கமாகச் சரித்துச் செருகினார். தேர் திரும்பியது.

“அதே கட்டைதானே?” என்றார் ராஜா.

“மூன்று நாளாக அதைத்தானே சொல்கிறேன்!” திவான் தலையில் கைவைத்துக்கொண்டார். “டெக்னிக் என்றால் செய்யும் முறை, மகாராஜா. கைத்திறன். சொல் பிறந்தது லண்டனில் இல்லை, கிரேக்கத்தில். பிரான்ஸ் வழியாக இங்கிலாந்துக்கு வந்தது. கிரேக்கத்தில் தச்சனுக்குள்ள பெயரும் அந்தச் சொல்லுக்கு உறவு. ஆசாரியை நாடு கடத்தினால் டெக்னிக்கும் கூடவே போய்விடும்.”

ராஜா பரிவட்டத்தைத் தாமே ஆசாரிக்குக் கட்டினார். அந்த வருஷம் தேர் நிலைக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

அடுத்த தேரோட்டம் 1892 ஜூலை 6 அன்று நடந்தது. மதியத்துக்குள் தேர் நிலை சேர்ந்தது. முட்டுக்கட்டைகளைச் சுமந்து வந்தவர் வரதராயர்.