நடுத்தெருவுல விளைஞ்ச நெல்லு

காலை ஆட்டாதடி. வலை விலகுச்சுன்னா ஊர்க்கொசு பூரா உள்ள வந்துரும். ம், அப்படி நேராப் படு. உங்கம்மா கடையை அடைச்சுட்டு வர நேரமாகும், அதுவரைக்கும் பெரியம்மா கதை சொல்றேன். நடுநடுவுல 'ம்' கொட்டணும். கொட்டலைன்னா தூங்கிட்டேன்னு நெனச்சு நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு குழி இருந்துச்சு.

என்னது, ராஜாவா? எல்லாக் கதையிலயும் ராஜாவையே கட்டிக்கிட்டு அழணுமா? இந்தக் கதையில குழிதான். அது ராஜா மாதிரிதான் நடுத்தெருவுல உக்காந்திருந்துச்சு, ஒருத்தராலயும் அதை அசைக்க முடியலை. போதுமா?

"ம்."

அந்தக் குழி எப்படி வந்துச்சுன்னா, நகராட்சிக்காரங்க குழாய் பதிக்கணும்னு தோண்டினாங்க. டங்கு டங்குன்னு தோண்டினாங்க. குழாயையும் பதிச்சாங்க. அப்புறம் டீ குடிக்கப் போனாங்க. போனவங்க போனவங்கதான், மூட வரவே இல்லை. அப்போ மழை வந்துச்சு. சோன்னு ஒரு மழை. குழிக்கரை சரிஞ்சு, கொழகொழன்னு ஆகி, இந்தச் சுவத்துலேருந்து அந்தச் சுவர் வரைக்கும் தெருவே குளமாப் போச்சு. சைக்கிள்ல போனவன் தொபுக்கடீர். கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவன் தொபுக்கடீர். பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை தொபுக்கடீர், அப்படியே எந்திரிச்சு வீட்டுக்குப் போனவன் பதிலே சொல்லி அனுப்பலை. ராத்திரியானா தவளைங்க கொர்ர் கொர்ர்னு கச்சேரி வெச்சுது.

குழிக்கு அந்தப் பக்கம் கடைசி வீட்டுல ஒரு அக்காவும் தங்கச்சியும் இருந்தாங்க. அக்காக்காரிக்குத் தெருவுல வெச்ச பேரு மைக்செட்டு. வாயைத் தொறந்தா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும். சிரிக்காத, கதையைக் கேளு. தங்கச்சிக்காரி புருஷன் சிங்கப்பூர்ல வேலை பாத்தான். அவளுக்கு மசக்கை தாங்கலை, சோத்தைப் பாத்தாலே உவ்வேன்னு வந்துச்சு, அதனால சீக்கிரமே பொறந்த வீட்டுக்கு வந்துட்டா. அவளை இறக்கிவிட்ட ஆட்டோக்காரன் குழியை ஒரு பார்வை பாத்தான். "இதோட சரிம்மா. பிரசவத்துக்கு என்னைக் கூப்பிடாதீங்க, என் வண்டி இதுக்குள்ள வராது"ன்னு சொல்லிட்டு டுர்ர்ருனு திருப்பிக்கிட்டுப் போயிட்டான்.

அக்காவுக்குப் பழசு ஒண்ணு ஞாபகம் வந்துருச்சு. அவங்க பெரியம்மா ஒருத்தி இப்படித்தான், முன்ன ஒரு காலத்துல, பிரசவ வலியில வண்டி கிடைக்காம வழியிலயே போய்ச் சேந்தா. வலி வந்தா இவளை எப்படித் தூக்கிட்டுப் போறது? அந்த நெனப்பு வந்ததுலேருந்து அவளுக்குச் சோறு இறங்கலை. தெருப் பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு நகராட்சி ஆபீசுக்குக் கிளம்பிட்டா.

"ம்."

மொத தடவை போனாங்க. அங்க இன்ஜினியர் ஏகாம்பரம் இருந்தாரு. மூக்குக்கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு, "குழி எந்த வார்டு?"ன்னு கேட்டாரு. "பாதி இந்த வார்டு, பாதி அந்த வார்டு சார்." "அப்போ ரெண்டு கவுன்சிலரும் சேந்து வரணும்." ஒரு கவுன்சிலரு, "தண்ணி இருக்கிறது அவன் பக்கம்"னாரு. இன்னொருத்தரு, "பள்ளம் இருக்கிறது அவன் பக்கம்"னாரு. குழி ரெண்டு பக்கமும் இருந்துச்சு. ஆளுங்கதான் ஒரு பக்கமும் இல்லை.

அப்புறம் ரெண்டாந்தடவை, குறைதீர்க்கும் முகாம் போட்டாங்கன்னு போனாங்க. பந்தல், ஃபேன், டீ, பிஸ்கெட்டு எல்லாம் இருந்துச்சு. ஏகாம்பரம், "ஆழம் எவ்வளவு?"ன்னாரு. "முழங்கால் சார்." "அடடா. இடுப்பு ஆழம்னா அவசர நிதி உடனே உண்டு. முழங்காலுக்கு வரிசையில நிக்கணும். கொஞ்சம் பொறுங்க, எப்படியும் ஆழமாயிரும்." கேட்டியா கொள்ளையில போறவன் பேசுற பேச்சை! "புள்ளத்தாச்சி வீட்டுல இருக்கா சார்"னு அக்கா கத்துனா. பந்தலே ஆடுச்சு. அதுக்கு அந்த ஆளு, "அதையும் மனுவுல எழுதிக் குடுங்கம்மா"ன்னு சொல்லி பிஸ்கெட்டுத் தட்டை நீட்டுனாரு.

ஒரு நா அக்கா போன்ல 'டிங்'குனு ஒரு மெசேஜ் வந்துச்சு. 'தங்கள் குறை தீர்க்கப்பட்டது. நன்றி.' அக்கா ஓடிப்போய்த் தெருவுல பாத்தா. குழி அப்படியே இருந்துச்சு. நடுவுல ஒரு கொக்கு வேற ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டு இருந்துச்சு. அப்போ மூணாந்தடவை போனாங்க. ஏகாம்பரம் கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, "தீந்துருச்சேம்மா"ன்னாரு. "வந்து கண்ணால பாருங்க சார்"னா அக்கா. "கம்ப்யூட்டர்ல இல்லாத குழியை நான் எப்படிம்மா வந்து பாக்குறது? பயணப்படி வாங்க முடியாதே"ன்னாரு.

"ம்."

இனி மனு குடுத்துப் பிரயோஜனமில்லைன்னு ஆயிப்போச்சு. நம்ம பக்கத்துல ரோடு சரியில்லைன்னா ஜனங்க என்ன செய்வாங்க தெரியுமா? ரோட்டுத் தண்ணியில நாத்து நடுவாங்க. நாலு நாத்தைக் கோணலாக் குத்திட்டு, "ஒழிக"ன்னு கத்துவாங்க. பேப்பர்காரன் போட்டோ எடுப்பான், மானம் போகுதேன்னு சாயங்காலமே ஜல்லி லாரி வந்துரும். எல்லா ஊர்லயும் நடக்குறதுதான். நாமளும் அதைச் செஞ்சிருவோம்னா அக்கா.

ஆனா அந்தத் தெருப் பொம்பளைங்க எல்லாம் யாரு? வயக்காட்டுலயே பொறந்து வளந்து, கல்யாணம் கட்டி டவுனுக்கு வந்தவளுங்க. சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டுச் சேத்துல கால வெச்சாளுங்களா, அவ்வளவுதான், போராட்டம் மறந்துபோச்சு! ஒருத்தி, "மேடு பள்ளமா இருக்கேடி, இதுல எப்படி நடுறது?"ன்னா. உடனே எல்லாரும் சளக்கு சளக்குன்னு சேறு மிதிச்சாளுங்க. இன்னொருத்தி ஒரு பலகையை இழுத்துச் சமம் பண்ணா. ஒருத்தி வீட்டுக்கு ஓடிப்போய் சாணி எருவை அள்ளிக்கிட்டு வந்தா. அப்புறம் வரிசை பிடிச்சு, குனிஞ்சு, கொஞ்சங்கூடக் கோணாம, பொன்னி நாத்தை நட்டு முடிச்சுட்டு உலுலுலுலுன்னு குலவை போட்டாளுங்க. பேப்பர்காரன், "அக்கா, கொஞ்சம் கோவமாப் பாருங்கக்கா"ன்னு கெஞ்சுறான். எங்க பாக்குறது? நடவு நல்லா வந்துருச்சேன்னு எல்லாத்துக்கும் வாயெல்லாம் பல்லு.

மறுநா காலையில டர்ர்ர்னு லாரி வந்துருச்சு. நெசமாவே ஜல்லி லாரி. ஏகாம்பரமும் வந்து இறங்குனாரு. பாத்தாரு. பச்சைப்பசேல்னு நாத்து காத்துல ஆடுது. நெத்தியிலேருந்து கண்ணாடியை இறக்கிப் பாத்தாரு. அப்புறம், "என்னம்மா இது, பயிர் நிக்குதே! நிக்கிற பயிர் மேல ஜல்லியைக் கொட்டுனா நாளைக்கு விவசாயிங்க கொடி பிடிப்பாங்க. அறுப்பு முடியட்டும், பாத்துக்கலாம்"னு சொல்லிட்டாரு. லாரி டர்ர்ர்னு பின்னாலயே போயிருச்சு.

அக்கா தலையில கை வெச்சு உக்காந்துட்டா. யார் மேல கோவப்படுறது? அவ சொல்லித்தானே நட்டாங்க. அப்புறம் என்ன, நாளாக ஆக இந்தப் பக்கம் பயிர் வளந்துச்சு, அந்தப் பக்கம் தங்கச்சி வயிறு வளந்துச்சு. வளைகாப்புக்கு வந்த சனம் சீர்த்தட்டைத் தலையில வெச்சுக்கிட்டுச் சுவத்தோரமா ஒத்தையடி வரப்புல ஒவ்வொருத்தரா வந்தாங்க. மாமியார்க்காரி ஒரு செருப்பைத் தொலைச்சா.

"அப்போ பயிரைப் புடுங்கிடலாமே?"

சமத்து! அக்காவும் அதைத்தான் நெனச்சா. ஒரு நா விடிகாலையில போய் இறங்கி ஒரு பிடி பிடிச்சா. பிடிச்ச கைக்குள்ள தண்டு உருண்டையா, தடிப்பா இருந்துச்சு. பயிர் சூல் பிடிச்சிருந்துச்சுடி. உள்ளுக்குள்ள கதிர். நிமிந்து பாத்தா, வாசல்ல தங்கச்சி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. "வேணாங்க்கா. சூல் பயிருக்கா அது"ன்னா. அக்காவுக்குக் கையே வரலை. கரையேறி வந்து, கால் கழுவாமலே உக்காந்து ஒரு பாடு அழுதா.

தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

அப்புறம் கதிர் பழுத்துச்சு. நடுத்தெருவுல மஞ்ச மஞ்சேர்னு நெல்லு. அது எப்படியோ சேர்மன் தனக்கோடி காதுக்குப் போச்சு. அவரு என்ன கோவப்பட்டாரா? குதிச்சாரு, சந்தோஷத்துல! 'நகராட்சியின் தெருவோர வேளாண் திட்டம், மாபெரும் வெற்றி'ன்னு பேனர் அடிச்சாச்சு. அறுவடையைச் சேர்மன் தொடங்கி வைக்கிறாருன்னு நோட்டீசும் போட்டாச்சு. அவரு கார்ல வரணும்ல? வேட்டியில சேறு படக்கூடாதுல்ல? ரெண்டே நாள்ல, மெயின் ரோட்டுலேருந்து வயக்கரை வரைக்கும் கருகருன்னு தார் ரோடு போட்டுட்டாங்க. கொட்டுறாங்க, உருட்டுறாங்க, கடகடகடன்னு வேலை நடக்குது. வயக்கரை வந்ததும் கோடு கிழிச்ச மாதிரி நிறுத்திட்டாங்க. "அப்படியே இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க சார், எங்க வீடு அந்தப் பக்கம் இருக்கு"ன்னு அக்கா கேட்டா. "அது விளைநிலம்மா, அதுல ரோடு போடக்கூடாது"ன்னாரு ஏகாம்பரம்.

விழா அன்னிக்கு டும் டும்னு மேளம். முந்தின நா பெஞ்ச மழையில வயல் சேறாக் கிடந்துச்சு. பொம்பளைங்களுக்கெல்லாம் போட்டோவுக்காக ஒரே கலர்ல சேலை, கையில கதிரருவா. வெள்ளை வேட்டியில சேர்மன், டவல் போட்ட பெரிய நாக்காலியில உக்காந்திருந்தாரு. எந்திரிச்சு மைக்கைப் பிடிச்சாரு. "இந்த நகரத்தில் குழி என்ற பேச்சுக்கே இடமில்லை"ன்னு ஆரம்பிச்சாரு.

அப்போ வயலுக்கு அந்தப் பக்கம், அக்கா வீட்டுலேருந்து, "அக்கா!"ன்னு ஒரு குரல்.

வலி வந்துருச்சு. தங்கச்சி வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறா, காலெல்லாம் ஈரம். சுவத்தோர வரப்பு மழையில கரைஞ்சு போச்சு. இடையில வயலு. அக்கா போட்ட சத்தத்துல மேளக்காரன் கோலைக் கீழ போட்டுட்டான். "அறுங்கடீ!"

சரக் சரக் சரக்னு இறங்குனாளுங்க பாரு. அறுத்த நெல்லைச் சேத்து மேல அரி அரியாப் போட்டு, அது மேல கால வெச்சு, மறுபடி அறுத்து, மறுபடி போட்டு, வயலுக்கு நடுவுல ஒரு பாதை போட்டுட்டாளுங்க. ஏகாம்பரம் கரையில நின்னு குதிக்கிறாரு, "ஐயா இன்னும் தொடங்கி வைக்கலை! ஐயா இன்னும் தொடங்கி வைக்கலை!" யாரு கேக்குறா? அக்கா சேர்மன் நாக்காலியை டவலோட தூக்கிக்கிட்டு ஓடுனா. தங்கச்சியை அதுல உக்கார வெச்சு, நாலு பேரா நெல்லு மேலயே தூக்கிட்டு வந்தாங்க. கரையில சேர்மன் கார் நின்னுச்சு. கதவைத் தொறந்து உள்ள படுக்க வெச்சாச்சு. டிரைவர் சேர்மனைப் பாக்குறான், சேர்மன் ஏகாம்பரத்தைப் பாக்குறாரு. "யோவ், அங்க என்னய்யா பார்வை? எடுய்யா வண்டியை!"ன்னா அக்கா. எடுத்துட்டான். புது ரோட்டுல வண்டி ஒரு குலுங்கல் இல்லாம ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்துச்சு.

"அப்புறம்?"

அப்புறம் என்ன, குவா குவான்னு ஒரு பொம்பளைப் புள்ள. நெல்லு மேல வந்ததால பொன்னின்னு பேரு வெச்சாங்க.

"ஐ, அது நானு! நீதான் மைக்செட்டா பெரியம்மா?"

நீயேதான்டி கழுதை, மைக்செட்டு நானேதான். சேர்மன் அன்னிக்குச் சேத்துல வழுக்கி, வெள்ளை வேட்டி பழுப்பாகி, நடந்தே வீட்டுக்குப் போனாரு. மறுநா பேப்பர்ல, 'சேறென்றும் பாராமல் இறங்கி அறுவடையைத் தொடங்கி வைத்தார்'னு போட்டோ. சரி, தூங்கு.

"குழியை மூடிட்டாங்களா பெரியம்மா?"

இத்தனை நா இந்த எடத்துக்கு முன்னாடியே தூங்கிருவ. இன்னிக்குப் பாரு, கேள்வி கேக்குற. அறுப்பு முடிஞ்சதும் போய்க் கேட்டேன்டி. "மூடிட்டா அடுத்த போகத்துக்கு எங்கம்மா போறது? பக்கத்துத் தெருவுலயும் ஒண்ணு தோண்டச் சொல்லி உத்தரவு வந்திருக்கு"ன்னாரு அந்த ஏகாம்பரம். அதுலேருந்து ஆபீசுக்குப் போறேன், வர்றேன். காதைக் குடுத்துக் கேளு. வெளிய என்ன சத்தம்?

"கொர்ர் கொர்ர். தவளை."

எங்கேருந்து வருது?

"நம்ம வயல்லேருந்து."

வயலா?

"நம்ம தெரு வயல்தான். கதையில வர்ற குழி எங்க இருக்கு பெரியம்மா? நம்ம தெருவுல குழியே இல்லையே."

அடிப்பாவி மகளே. இவ்வளவு நேரம் தொண்டை கிழியச் சொல்லியிருக்கேன். ஏகாம்பரம் சொன்னப்பகூட எனக்கு இப்படி வலிக்கலைடி. பொன்னி, இங்க பாரு. கண்ணை மூடிக்க, ஆனா கேட்டுக்க. அது வயல் இல்லை, ரோடு. மனுஷன் நடக்குற ரோடு. ஆட்டோ வர்ற ரோடு. நாளைக்கு நீ என் கூட ஆபீசுக்கு வர்ற, வந்து அந்த ஆளு முன்னாடி அதைச் சொல்ற. கதை அறுத்தாச்சு, கட்டும் கட்டியாச்சு, இனி தூங்கலாம். ஒரே ஒரு தடவை சொல்லிட்டுத் தூங்கு. என்னது அது?

"ம்."

ம் இல்லடி. ரோடு.