சராசரிக் கனத்தில் ஒரு தளம்

காண்ட்ராக்டர் அருணகிரிக்கு வாய்தான் மூலதனம். ஆய்வுக்கு வந்த பெண் அதிகாரியிடம், "எங்க சைட்ல ஆளுக்குச் சராசரியா வாரம் நாப்பத்தெட்டு மணி நேரம்தான் வேலை மேடம். கூட்டி வகுத்துப் பாத்துக்கங்க" என்றார்.

கூட்டலில் தப்பில்லை. ஞாயிறுகூட இல்லாமல் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை சுமக்கிறவர்களோடு, ஷெட்டில் ஃபேனுக்கு அடியில் தூங்கும் தன் மூன்று மச்சான்களையும் தொழிலாளி என்று சேர்த்து வகுத்திருந்தார்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். கையெழுத்து விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை லீவு இந்த வருஷமும் கிடையாது.

அன்றைக்கு மாடியில் தளம் போடும் நாள். இந்தக் கணக்கைக் காதில் வாங்கிய சித்தாள் வெள்ளத்தாயி கலவைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"மொதலாளி, தளம் எவ்வளவு கனம் போடணும்?"

"அஞ்சு அங்குலம். தெரியாதா உனக்கு?"

"ஓரமெல்லாம் பத்து அங்குலமாப் போட்டுட்டு, நடுவுல சும்மா விட்டுர்றோம். கூட்டி வகுத்தா அஞ்சு வந்துரும்ல?"

அருணகிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கிறுக்கா பிடிச்சிருக்கு? நடுவுல கால் வச்சவன் நேரா கீழ போயிருவான்."

வெள்ளத்தாயி அதிகாரியைப் பார்த்துத் திரும்பினாள். "அந்த நடு ஓட்டைதான் மேடம், மொதலாளியோட மூணு மச்சானா ஷெட்டுல தூங்கிட்டு இருக்கு."

அதிகாரி பேனாவை மூடினார். "அவங்களை எழுப்புங்க. தொழிலாளின்னா இன்னைக்குச் சட்டி தூக்கட்டும், நானும் பாக்குறேன்."

மூத்த மச்சான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தான். கட்டடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, வெள்ளத்தாயியிடம் மெதுவாகக் கேட்டான்:

"அக்கா, மாடிக்கு எப்படிப் போகணும்?"