விதைக்காரியும் அம்மிக்கல்லும்

ஹலோ நித்திலா, அம்மா பேசுறேன்டா. சாப்பிட்டியா? பல்லு விளக்கினியா? பொய் சொல்லாத, பெரியம்மாகிட்ட கேப்பேன். சரி, ஃபோனைத் தலகாணி மேல வெச்சு ஒருக்களிச்சுப் படு. நீ திண்டுக்கல்லுல இருக்க, நான் இங்க நம்ம வீட்டுல இருக்கேன், உன் மூஞ்சி எனக்குத் தெரியாது. அதனால எப்பவும் போல நான் சொல்லச் சொல்ல நீ 'ம்' கொட்டிக்கிட்டே வரணும். 'ம்' நின்னுச்சுன்னா நீ தூங்கிட்டன்னு வெச்சுக்குவேன்.

"ம்."

இன்னும் ஆரம்பிக்கவே இல்லயேடி, அதுக்குள்ள என்ன அவசரம்!

ஒரு ஊர்ல ஒரு விதைக்காரி இருந்தாளாம். விதை விக்கிறவ இல்ல, விதையச் சோதிச்சுப் பாக்கறவ. விவசாயிங்க பையில நெல்லு கொண்டாந்து, "இது முளைக்குமா தாயி, நம்பி விதைக்கலாமா?"ன்னு கேப்பாங்க. அவ நூறு விதைய எண்ணி எடுத்து, ஈரத் துணியில வரிசையா வெச்சு, பாய் சுருட்டற மாதிரி சுருட்டி, பத்து நாள் வெச்சிடுவா. பத்தாம் நாள் பிரிச்சு எண்ணுவா. நூறும் முளைக்கணும்னு இல்ல. எண்பது முளைச்சாலே பாஸ், போய் விதைங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்துடுவா.

"உன் ஆபீஸ் மாதிரியே இருக்கு."

உன் அம்மா மாதிரி இல்லடி, இவ பேரழகி. மூக்குத்தி எல்லாம் போட்டிருப்பா. 'ம்' கொட்டுறியா, இல்ல வெச்சிடவா?

"ம், ம்."

அப்புறம், அவளுக்கு ஒரு பொண்ணு. சரியான வாலு. புருஷன் லாரி ஓட்டறவன், வடக்க போனா திரும்பி வர இருபது நாளாகும். இப்படி இருக்கறப்போ ஒரு நாள் காலையில கண்ணு முழிச்சா, நெஞ்சு மேல கனமா ஏதோ இருக்கு. என்னடான்னு பாத்தா ஒரு அம்மிக்கல்லு! ஜம்முனு உக்காந்திருக்கு.

"யாரு வெச்சா?"

யாரும் வெக்கல. தானா ஏறி உக்காந்துக்கிச்சு. அவ எந்திரிக்கப் பாத்தா, "எந்திரிக்காத. எந்திரிச்சு என்ன கிழிக்கப் போற?"ன்னு கேக்குது. சரின்னு படுத்தா, நெஞ்சு படபட படபடன்னு அடிக்குது. "பாத்தியா, ஏதோ கெட்டது நடக்கப் போகுது"ங்குது. என்ன நடக்கப் போகுதுன்னு கேட்டா அதுக்கும் தெரியாது. முட்டாள் அம்மி. ஆனா வெயிட்டு மட்டும் குறையல. அப்போ அடுப்புல பால் பொங்கி ஊத்தினாலும் அவ பாத்துக்கிட்டே நிப்பா. பொண்ணு பின்னல் போடச் சொல்லி சீப்பை நீட்டினா, சீப்பைக் கையில வாங்கி வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பா. அந்தப் புள்ள தலைவிரி கோலமா பள்ளிக்கூடம் போச்சு.

"நானும் ஒரு நாள் அப்படிப் போனேன்."

ஆமா. போன.

அப்புறம் லீவு விட்டதும் பொண்ணை அக்கா வீட்டுக்கு அனுப்பி வெச்சா. பஸ் ஏத்திவிடறப்போ பொண்ணு கேட்டுச்சு, "பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போயிடுவதானே?" அவ தலைய ஆட்டினா. பஸ்ஸு டர்ர்ர்னு கெளம்பிடுச்சு. வீட்டுக்கு வந்து அவ அழுத அழுகை இருக்கே, அம்மி மேலயே விழுந்து அழுதா. அது நனைஞ்சுதே தவிர நகரல.

"பாவம்மா."

பாவம்தான். அப்புறம் டாக்டரம்மாகிட்ட போனா. அவங்க சிரிக்கல, திட்டல. "கல்லு இருக்கறது நிஜம்தான், நீ சோம்பேறி இல்ல"ன்னாங்க. மாத்திரை குடுத்தாங்க. "கல்லோட ஒரு பக்கத்த இது தூக்கும். இன்னொரு பக்கத்த நீதான் தூக்கணும். தினம் ஏதாவது ஒண்ணு செஞ்சு பாரு, உனக்கு எது ஒத்து வருதுன்னு நீயே கண்டுபிடி"ன்னாங்க.

தெருவுக்குத் தெரிஞ்சா கேக்கணுமா? ஒருத்தி விடியக்காலை எந்திரிச்சு நடன்னா. ஒருத்தி பச்சத் தண்ணியில குளின்னா. மூச்சை இழுத்து விடு, கோயிலைப் பதினோரு சுத்து சுத்து, இனிப்பைத் தொடாத, செல்லைத் தூக்கிப் போடு... இந்த மகராசி என்ன செஞ்சா தெரியுமா? எல்லாத்தையும் ஒரே நாள்ல ஆரம்பிச்சா! திங்கக்கிழமை நடந்தா, குளிச்சா, இழுத்தா, விட்டா, சுத்தினா. புதன்கிழமை பொத்துனு விழுந்தா.

சிரிக்காத! அம்மியும் இப்படித்தான் கெக்கெக்கேன்னு சிரிச்சுது. "உன்னால ஒண்ணும் ஆகாது"ன்னுச்சு. அப்போதான் அவளுக்குச் சுரீர்னு உறைச்சுது. ஆபீஸுல எவனாவது நெல்லையும் உளுந்தையும் எள்ளையும் ஒரே துணியில கொட்டிச் சுருட்டினா என்ன திட்டு திட்டுவா! எது முளைச்சுது, எது அழுகுச்சுன்னு எப்படித் தெரியும்? அதையேதான் இவ வீட்டுல செஞ்சு வெச்சிருக்கா. அட அறிவு கெட்டவளேன்னு தன் தலையிலயே டொக்குனு ஒரு கொட்டு கொட்டிக்கிட்டா. இனிமே ஒரு சமயத்துல ஒரே பழக்கம். பத்து நாள். நடுவுல பிரிச்சுப் பாத்துட்டு புலம்பக் கூடாது. கல்லு கொஞ்சமாவது இலேசான நாளெல்லாம் முளைச்ச நாள். பத்துக்கு எட்டு வந்தா பாஸ்.

"ம்."

முத பழக்கம், விடியக்காலை நடை. சரக் சரக்குனு செருப்பு தேய நடந்தா. பத்தாம் நாள் எண்ணினா மூணுதான்.

"நடந்தா நல்லதுன்னு எங்க மிஸ் சொன்னாங்களே."

உங்க மிஸ்ஸுக்கு நல்லது. இவ ராத்திரியெல்லாம் தூங்காதவ, அஞ்சு மணிக்கு எழுப்பிவிட்டா கல்லையும் சுமந்துக்கிட்டுத்தானே நடப்பா. சரி, நீயே சொல்லு, ஆபீஸுல ஒரு மூட்டை ஃபெயிலானா விதைக்காரி உக்காந்து அழுவாளா?

"மாட்டா."

ஆங். சீட்டுல எழுதிட்டு அடுத்த மூட்டைய எடுப்பா. அப்படியே ரெண்டாவதை எடுத்தா. கவலைப்படறதுக்குன்னு ஒரு நேரம் ஒதுக்கினா. சாயங்காலம் அஞ்சு மணி, பின்வாசப்படி, கையில ஒரு டம்ளர் டீ. அரை மணி நேரம் இஷ்டத்துக்குக் கவலைப்படலாம், மத்த நேரம் கூடாது. காலையில அம்மி கேக்கும், "பொண்ணுக்குக் காய்ச்சல் வந்துட்டா?" "அஞ்சு மணிக்கு வா"ம்பா. மத்தியானம் கேக்கும், "வேலை போயிட்டா?" "அஞ்சு மணிக்கு வான்னு சொல்றேன்ல!" அஞ்சு மணிக்கு டீயோட உக்காந்து, "ம், இப்ப சொல்லு"ன்னா, அம்மி திருதிருன்னு முழிக்குது. காலையில கேட்டதுல பாதி அதுக்கே மறந்து போச்சு!

"ஹிஹி. எத்தனை முளைச்சுது?"

எட்டு! ரெண்டு தடவை எண்ணிப் பாத்தா. அம்மி சுருங்கிச் சுருங்கி குழவிக்கல்லு அளவு ஆயிடுச்சு.

அப்புறம் மூணாவது. இதை டாக்டரம்மாவும் சொல்லல, தெருவும் சொல்லல. தினம் எட்டு மணிக்கு பொண்ணுக்கு ஃபோன் போட்டு ஒரு கதை சொல்லணும். குரல் உடையாம, பொண்ணு தூங்கற வரைக்கும் சொல்லி முடிச்சா அன்னைக்கு முளைச்ச கணக்கு. அவளுக்கு இதுக்குத்தான் ரொம்பப் பயம். "உன் குரலு நடுங்கும், புள்ள பயந்துக்கும், வேணாம்"னு குழவி தடுத்துச்சு. இருந்தாலும் போட்டா. ட்ரிங் ட்ரிங். பொண்ணு எடுத்துச்சு. இவ ஒரு ஊர்லன்னு ஆரம்பிச்சா, அது 'ம்'னுச்சு. அந்த ஒரு 'ம்'முக்கே கல்லு தடக்குனு கொஞ்சம் நகந்துச்சு. ஆனா நாலாம் நாளும் ஏழாம் நாளும் ஃபோனைக் கையில எடுத்தா, நம்பரை அழுத்த முடியல.

"அம்மா."

என்னடா?

"அது நீதானே?"

மூக்குத்தி போட்டவன்னு சொன்னேன்ல.

"நீதான். அந்த ரெண்டு நாளும் நான் காலண்டர்ல பெருக்கல் குறி போட்டிருக்கேன். ஃபோன் பக்கத்துலயே படுத்துக்கிட்டேன்."

தெரியும்டா தங்கம். பெரியம்மா சொன்னா. உன்னைக் காக்க வெச்சுட்டேன்னு நெனச்சு நெனச்சு எனக்கு மனசே ஆறல. உன்மேல பாசம் இல்லாம இல்லடா, எனக்கு நீன்னா உசுரு. அந்த ரெண்டு நாள் கல்லு பெருசா இருந்துச்சு, அவ்வளவுதான்.

"இன்னைக்கு எத்தனாவது நாள்?"

பத்து.

"அப்போ எட்டு! பாஸ்!"

இரு இரு, பறக்காத. இதுவரைக்கும் ஏழுதான். இன்னைக்கு நீ இன்னும் தூங்கல.

"எட்டு வந்தா?"

எட்டு வந்தா ஞாயித்துக்கிழமை வந்து உன்னைக் கூட்டிட்டு வருவேன். திங்கக்கிழமை பள்ளிக்கூடம். ரெட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி விடுவேன்.

"வரலன்னா?"

இன்னொரு பத்து நாள் சுருட்டி வெப்பேன். கொஞ்சம் லேட்டாகும். ஆனா வருவேன், உன்னை விட்டுட மாட்டேன்.

"கல்லு இப்ப எவ்வளவு இருக்கு?"

புளியங்கொட்டை அளவு. முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்கேன்.

"அதுவும் பஸ்ஸுல வருமா?"

வரும். அதுக்கு டிக்கெட் வாங்க மாட்டேன்.

"இரும்மா, சீப்பைப் பையில எடுத்து வெச்சுட்டு வரேன்... வெச்சுட்டேன். படுத்துட்டேன். கண்ணை மூடிட்டேன்."

நல்ல புள்ள. கதை முடிஞ்சுது, துணிய சுருட்டியாச்சு, தூங்கு.

நித்தி?

"தூங்கிட்டேன்."

தூங்கினவ பேசுவாளாடி?

"ம்ஹூம்."

நித்தி... நித்திலா... ஒரு 'ம்' சொல்லு பாப்போம்.

"வசு, அக்கா பேசுறேன். மெதுவாப் பேசு, வாயப் பொளந்துக்கிட்டு தூங்குறா. பையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டே தூங்குறாடி. ஞாயித்துக்கிழமை எந்த பஸ்ஸுக்கு வர்ற?"

முத பஸ்ஸுலயே வந்துடறேன்க்கா.