நரியின் காலைத் தட்டிப் பார்த்த நாரை

குளக்கரைப் புதரில் ஒரு நரி இருந்தது. செத்ததுபோல் படுத்துக் கிடக்கும். பக்கத்தில் வரும் பறவையை லபக்கென்று பிடித்துவிடும். அதுதான் அதன் பிழைப்பு.

ஒருநாள் கெட்டுப்போன கோழியொன்றைத் தின்றது. வயிறு கலங்கியது. நான்கு நாள் புதருக்கும் குளத்துக்குமாக ஓடியது. பிறகு சரியாகிவிட்டது.

"கல்லைத் தின்றாலும் எனக்குச் செரிக்கும்!" என்று ஊளையிட்டது.

பத்தாம் நாள் பாதங்கள் மரத்துப்போயின. மறுநாள் பின்னங்கால்கள் துவண்டன. அதற்கடுத்த நாள் எழுந்திருக்கவே முடியவில்லை.

"காகமே! கால் வரவில்லை. யாரையாவது கூப்பிடு!"

"போன மாதமும் இப்படித்தான் படுத்திருந்தாய். அன்றிலிருந்து என் மைத்துனனைக் காணவில்லை!" என்றது மரத்தில் இருந்த காகம்.

"நடிப்பு பிரமாதம், அண்ணே!" என்று சிரித்தபடி ஓடியது முயல்.

நரிக்கு அழுகை வந்தது. இப்போதுதான் முதல்முறையாக உண்மை பேசுகிறது, கேட்க ஆளில்லை!

வைத்தியம் தெரிந்த நாரை அந்த வழியாக வந்தது. தள்ளி நின்றே, நீண்ட அலகால் நரியின் முழங்காலுக்குக் கீழே தட்டியது. கால் துள்ளவில்லை. மற்றக் காலும் அப்படியே.

"நடிக்கிறவன் காலென்றால் தட்டியதும் தானாகத் துள்ளும். இவன் நடிக்கவில்லை!"

"எனக்கு என்ன ஆயிற்று, அக்கா?"

"கோழியோடு வயிற்றுக்குள் போன கிருமியை அடிக்க உன் உடம்பின் காவல்படை கிளம்பியது. அந்தக் கிருமியும் உன் நரம்பின் உறையும் பார்க்க ஒரே சாயல். கிருமி ஒழிந்த பிறகும் படை ஓயவில்லை. உன் நரம்பையே கடிக்கிறது. நெஞ்சுக்கு ஏறினால் மூச்சு நின்றுவிடும். யாராவது கூடவே இருந்து பார்க்க வேண்டும்!"

காகம் தயங்கித் தயங்கி இறங்கியது. "நான் பார்க்கிறேன். ஆனால் வாய்ப் பக்கம் உட்கார மாட்டேன்!"

படையைத் தணிக்க நாரை மருந்து கொடுத்தது. முயல் தண்ணீர் கொண்டுவந்தது. மூன்றாம் நாள் நரிக்கு மூச்சு இழுத்தது. காகம் போட்ட கூச்சலில் நாரை பறந்து வந்து, நரியை நிமிர்த்திச் சாய்த்து, மறுபடி மருந்து கொடுத்தது. மூச்சு மெல்லச் சீரானது.

ஒரு மாதம் கழித்து நரியின் ஒரு விரல் அசைந்தது. "அசைந்தது! அசைந்தது!" என்று குதித்தது காகம். மழைக்காலம் முடிவதற்குள் நரி தள்ளாடி நடந்தது.

"இனி செத்ததுபோல் படுக்க மாட்டேன், தம்பி!" என்று காகத்திடம் சொன்னது.

"பிறகு எதைத் தின்பாய்?"

"நண்டு! அதுவும் புதிதாகப் பிடித்த நண்டு!"

சாயலை மட்டும் பார்த்து முடிவு கட்டினால், காக்க வேண்டியதையே அழித்துவிடுவோம்.