பிரம்பு சொன்ன பதில்

இருட்டியதும் அந்தச் சத்தம் கேட்டது. டொக். டொக். கருவிள நாட்டை மாவண்கிள்ளி ராஜா ஆண்டுவந்த பழைய காலம் அது. சத்தம் வந்தது அவருடைய மந்திரி குழல்மொழியின் வீட்டில். அவள் விளக்கோடு ஓடிப் பார்த்தாள். மகள் நங்கை தூக்கத்தில் சுவரை உதைத்து, ஒவ்வோர் உதைக்கும் "ஆம் சுவாமி" என்று முனகிக்கொண்டிருந்தாள்.

எதிரிப் படையைக் கண்டுகூட மந்திரி அப்படிப் பயந்ததில்லை.

நாட்டில் இருந்த ஒரே பள்ளி ராஜகுரு அகோரானந்தரின் மடம்; நங்கையும் அங்கேதான் படித்தாள். அவர் பிரம்பைத் தரையில் தட்டினால் பிள்ளைகள் "ஆம் சுவாமி" சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டால் சாமி கண்ணைக் குத்திவிடும்.

மறுநாள் சபையில் குழல்மொழி எழுந்தாள். "மன்னா, பிள்ளைகளும் ஆசிரியர்களும் கூடிப் பேசி நடத்தும் பள்ளி ஒன்று வேண்டும். எதற்கும் கை தூக்கித்தான் முடிவு. ஆளுக்கு ஒரு கை."

"நாளைக்குக் கன்றுக்குட்டிகளிடம் தொழுவத்தை ஒப்படைப்பீர்களோ, அம்மா?" என்றார் குரு. "என் பிள்ளைகள் உண்மையைத் தவிர வேறு பேசமாட்டார்கள், மன்னா. வந்து பாருங்கள்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். உடனே கிளம்பிவிட்டார்.

மடத்தில் குழல்மொழி பணிவாகச் சொன்னாள்: "மன்னர் இருக்கும்போது பிரம்பு அவர் கையில் இருப்பதுதானே முறை, சுவாமி?" குரு பிரம்பை ராஜாவிடம் நீட்டினார்.

ராஜா தட்டினார். "நான் நல்ல அரசனா?"

"ஆம் சுவாமி."

டொக். "என் பாட்டு இனிமையா?"

"ஆம் சுவாமி." ராணியே ஒப்புக்கொள்ளாத சங்கதி. ராஜா பூரித்துப்போனார்.

"நானும் ஒன்று கேட்கட்டுமா, மன்னா?" என்றாள் குழல்மொழி.

"கேள், கேள்."

"பிள்ளைகளா, நம் ராஜாவைவிடக் கழுதைக்குப் புத்தி அதிகமா?"

திடுக்கிட்ட ராஜாவின் கையிலிருந்து பிரம்பு நழுவித் தரையில் விழுந்தது. டொக்.

"ஆம் சுவாமி."

ராஜா மெல்லக் கேட்டார்: "அப்படியானால்... என் பாட்டு?"

"அதையும் பிரம்புதான் சொன்னது, மன்னா," என்றாள் மந்திரி.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குருவே, இத்தனை காலம் உம் பிரம்போடுதான் பேசிக்கொண்டிருந்தீரா?" பழைய யானைக் கொட்டாரத்தை அன்றே குழல்மொழியின் பள்ளிக்குக் கொடுத்தார். குரு தலையைத் தொங்கப்போட்டார்.

"நீங்களும் வாருங்கள், சுவாமி," என்றாள் அவள். "உங்களுக்கும் ஒரு கை உண்டு."

பள்ளி தொடங்கிய அன்று ராஜா மேளதாளத்தோடு வந்து வாசலில் நின்றார். "உள்ளே வந்து உட்காரட்டுமா?"

பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். ராஜாவுக்காகக் குரு கை தூக்கினார்; ராஜாவும் தூக்கிக்கொண்டார். வேறு கை எழவில்லை.

நங்கை வாசலுக்கு வந்தாள். "இப்போது வேண்டாம், மன்னா. உங்களைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பாடம் முடிந்ததும் வாருங்கள்."

குழல்மொழி ராஜாவின் முகத்தைப் பார்த்தாள்.

ராஜா கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேப்பமர நிழலில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். "மேளத்தை நிறுத்துங்கள்," என்றார். "பிள்ளைகள் படிக்கிறார்கள்."

நங்கை கதவைச் சாத்தி உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டாள்.