குப்பையில் கிடந்த பிக்கப்

தூத்துக்குடியில் மெல்லிசைக் குழு நடத்திய தாமோதரன் மாஸ்டர், குழுவுக்குப் புதிதாக வந்த ரெஜினாளின் மலிவு பேஸ் கிட்டாரைப் பார்த்து முகம் சுளித்தார். "இந்தத் தகர டப்பாவோட மேடையேறாத. என் வெளிநாட்டு பேஸ் கிட்டார் மாதிரி சத்தம் வந்தா வா."

மறுநாள் ஒத்திகையில் அவள் வாசித்தாள். மாஸ்டர் கண்மூடித் தலையாட்டினார். "அடடா, என் கிட்டாரோட பழைய நாதம்! என்ன செஞ்ச?"

"புதுக் கம்பி போட்டு, கம்பியோட அதிர்வைச் சத்தமாக்குற பிக்கப்பையும் மாத்தினேன். போன மாசம் சத்தம் மழுங்கிப்போச்சுன்னு உங்க கிட்டார்ல இருந்து கழட்டிக் குப்பையில வீசினீங்களே, அப்பவே எடுத்து வச்சேன், அதேதான்."

"அது கெட்டுப்போனதாச்சே!"

"கெட்டது உங்க கம்பி மாஸ்டர். வாங்கினதிலிருந்து மாத்தவேயில்ல. புதுப் பிக்கப் போட்டும் மழுங்கலாத்தானே கேக்குது?"

மாஸ்டர் தன் கிட்டார் கம்பியைச் சுண்டிப் பார்த்தார்; மொத்தென்றுதான் கேட்டது.

"நான் மேடையேறுறேன். என் பழைய கம்பியும் அதே குப்பையிலதான் கிடக்கு. உங்க கம்பிக்கு அதுவே தேவலை, எடுத்துக்கோங்க."